எந்தப் பக்கத்து ஜன்னல்?

காலையில பீச் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்க. எண்ணூர் தாண்டி கொசஸ்தலை ஆத்துப் பாலத்துல வலது பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். போட்டோ எடுத்தா எல்லாம் கறுப்பு நிழல்தான். ரயில் வடக்கே போகுது. வலது பக்கம் கிழக்கு. வெயில் நேரா கேமராவுக்குள்ள. சாயங்காலம் திரும்பும்போது அதே கிழக்கு இடது பக்கம் வந்துடும், சூரியன் முதுகுக்குப் பின்னாடி. தண்ணியில நிக்கிற கொக்குகூட தெளிவா விழும்.

வண்டி எந்தத் திசை, சூரியன் எந்தத் திசை. ஆர்க்டிக் மேல பறந்தாலும் கணக்கு இதேதான்.

ஆகஸ்ட்ல எம்.எஸ். படிக்கக் கிளம்புறவங்களுக்காக இதை எழுதுறேன். போன வருஷம் ஒரு சீனியர் ஜன்னல் சீட்டுக்குத் தனியா காசு கட்டினார். அவர் அனுப்பின 14 போட்டோவுல 11ல இறக்கை மட்டும்தான். "ஐஸ் எங்கடா?"ன்னு அவங்க அம்மா கேட்டாங்களாம்.

ஒரு உலக உருண்டையில டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நூலை இழுத்துப் பிடிங்க. அது சைபீரியா வழியா ஏறி, சுமார் 75 டிகிரி வட அட்சத்தைத் தொட்டு, அலாஸ்கா பக்கமா இறங்கும். 2019 ஆகஸ்ட் 15 அன்று ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் வட துருவத்துக்கு மேலேயே பறந்தது. ஆனா காற்றைப் பொறுத்து வழி தினமும் மாறும். பசிபிக் வழியாவும் போவாங்க. அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி, அந்த விமானம் போன வாரம் எப்படிப் போச்சுன்னு ஃபிளைட்ரேடார்24ல பாருங்க.

இப்ப நூலோட போங்க. கிளம்பும்போது வடக்கு, உச்சியில நேர் கிழக்கு, இறங்கும்போது தெற்கு. ஒரே இடது ஜன்னல் முதல்ல மேற்கைப் பார்க்கும், உச்சியில துருவத்தைப் பார்க்கும், கடைசியில கிழக்கைப் பார்க்கும். நீங்க சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்ல! பனி வேணும்னா இடது.

சூரியன்? அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினா உச்சிக்குப் போக ஏழரை மணி நேரம். அப்ப இந்திய நேரம் 11.30. நம்ம நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது. அந்த இடம் கிட்டத்தட்ட 159 டிகிரி கிழக்கு. வித்தியாசத்தை 15ஆல வகுத்தா 5 மணி நேரம் கூடும். அங்க சாயங்காலம் நாலரை. சூரியன் மேற்கே, கொஞ்சம் தெற்கே சாஞ்சிருக்கும்; அதாவது வலது பின்பக்கம். இடது ஜன்னல்ல கண் கூசாது. ஆகஸ்ட் தொடக்கத்துல அந்த உயரத்துல சூரியன் மறையவே மறையாது, அதனால வெளிச்சத்துக்குக் குறையில்ல. டிசம்பர்ல போனா இந்தக் கணக்கே வேண்டாம், அங்க இருட்டுதான்.

இறக்கை விஷயம் ஏரோலோபா தளத்துல தெரிஞ்சிடும். சீட் வரைபடத்துல ஜன்னல் எங்க இருக்குன்னுகூட காட்டுவாங்க. ஜன்னல் சீட்டுன்னு வாங்கி வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவங்களும் உண்டு. இறக்கைக்கு முன்னாடி சீட் கிடைச்சா எடுங்க. இறக்கைக்குப் பின்னாடின்னா இன்னும் நாலஞ்சு வரிசை தள்ளிப் போங்க, இல்லன்னா இன்ஜின் சூட்டுல காட்சி நெளியும். போயிங் 787ல ஜன்னலை விமான ஊழியர்களே மொத்தமா இருட்டாக்க முடியும். உச்சிக்கு வர்ற நேரத்தைச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வச்சுக்குங்க.

சந்தேகமா இருந்தா முதல்ல எண்ணூர் பாலத்துல கணக்கு போட்டுப் பாருங்க. அங்க ஜன்னல் சீட்டுக்குக் காசு கிடையாது, பீச்லயே ஏறணும், அவ்வளவுதான்.