டைனமோ என்று சொல்லாதே, தம்பி



உன் செய்தி செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்தது. "சார், கஸ்டமர் ஜம்பர் கேபிளை மாத்திப் போட்டுட்டார். புது பேட்டரி வெச்சாச்சு. சாவி போட்டா மீட்டர்ல லைட் வருது, செல்ஃப் எடுக்கல, ஸ்கேனர் பேசல. இசிஎம் போயிருச்சுன்னு எஸ்டிமேட் போட்டுரலாமா?" என்று கேட்டிருந்தாய். 'போடாதே' என்று ஒரு வார்த்தையில் பதில் அனுப்பியிருப்பேன். அடுத்த வண்டிக்கும் இதையே நீ கேட்பாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிளஸ்ஸை மைனஸில் மாட்டிவிட்ட வண்டி ஷெட்டுக்கு வந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். மூத்த மெக்கானிக், "ஒண்ணும் ஆகாது, சரியா மாட்டு, ஓடும்" என்பார். உன் வயதுக்காரன், "கம்ப்யூட்டர் அவுட்" என்பான்; இசிஎம்மைத்தான் சொல்கிறான். இருவருமே மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமல் பேசுகிறவர்கள்.

மூத்தவரின் நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊர் ஷெட்டுகளில் இன்றைக்கும் ஆல்டர்னேட்டரை 'டைனமோ' என்றுதான் சொல்கிறார்கள். வெறும் பெயர்தானே என்று விட எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பெயரோடு டைனமோ காலத்து நினைப்பும் சேர்ந்து வருகிறது. டைனமோவுக்குள் டயோடு கிடையாது. கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் கட்-அவுட் ரிலேயும்தான். பழைய மாரிஸ் மைனரில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பிளஸ் முனை. அதை மைனஸ் எர்த்துக்கு மாற்ற விரும்பினவர்கள் பேட்டரியைத் திருப்பி வைத்து, டைனமோவின் ஃபீல்டு முனைக்கு ஒரு நொடி கரண்ட் கொடுத்து எடுப்பார்கள். மிச்சமிருக்கும் காந்தம் திசை மாறிவிடும். அப்படி மன்னிக்கிற இயந்திரம் அது. 1960-இல் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டர் வந்தது. பிறகு ஒவ்வொரு கம்பெனியாக மாறியது. பெயரை மட்டும் நாம் மாற்றவில்லை. உன் ஷெட்டில் ஆல்டர்னேட்டர் என்றே சொல். பெயர் சரியாக இருந்தால்தான் உள்ளே டயோடு இருக்கிறது என்பது ஞாபகம் வரும்.

டயோடு என்றதும் நான் இழுத்துக்கொண்டே போவேன் என்று வகுப்பிலேயே உனக்குத் தெரியும். உலோக சல்ஃபைடு கட்டிகளில் கரண்ட் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் போகிறது என்பதை 1874-இல் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் பிரௌன் கண்டார். டயோடின் வேலையும் இதுதான். அதே குணமுள்ள கலீனா கட்டியை வைத்து மின்னலைகளைப் பிடிக்கும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜெகதீஷ் சந்திர போஸ். மரத்தில் உயிர் கண்ட போஸைப் பாடப் புத்தகம் சொல்கிறது, இந்தப் போஸை யாரும் சொல்வதில்லை. ஓய்வு பெற்ற பிறகு இதைத் தேடித் தேடிப் படித்தேன். நீயும் படி.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். செத்த பேட்டரியில் 11 வோல்ட், உதவிக்கு வந்ததில் 12.6 என்று வை. சரியாக மாட்டினால் இரண்டுக்கும் நடுவில் 1.6 வோல்ட்தான் வித்தியாசம். மாற்றி மாட்டினால் இரண்டும் கூடி 23.6. கேபிளும் பேட்டரிகளும் சேர்ந்து 0.04 ஓம் என்றாலே கிட்டத்தட்ட 600 ஆம்பியர் ஓடும். மாற்றி மாட்டும்போது பெரிய பொறி பறப்பது இதனால்தான். பக்கத்தில் ஹைட்ரஜன் இருந்தால் பேட்டரியே வெடிக்கும்.

ஆனால் வண்டியின் ஒயரிங்கில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நீ யோசிக்க வேண்டும். உயிர் முழுவதும் போன பேட்டரியால் எதிர்த்து நிற்க முடியாது. அப்போது ஒயரிங் முழுவதற்கும் திசை தலைகீழாகிறது. ஆல்டர்னேட்டரில் மூன்று ஃபேஸுக்கு ஆறு டயோடு. சாதாரணமாக அவை பேட்டரியிலிருந்து வரும் கரண்டை உள்ளே விடாது. தலைகீழானதும் இரண்டிரண்டாக வரிசையில் திறந்துகொண்டு, முழுக் கரண்டையும் தம் வழியே இழுத்துக்கொள்ளும். இழுக்கும் வரை தலைகீழ் வோல்டேஜ் சுமார் 2-க்கு மேல் ஏறாது. இசிஎம், ஏர்பேக் பெட்டி, டாஷ்போர்டு மீட்டர் எல்லாம் அந்த 2 வோல்டைத்தான் பார்க்கின்றன. பல வண்டிகளில் இசிஎம் பிழைப்பது இதனால்தான். ஆல்டர்னேட்டருக்குப் போகும் பெரிய ஃபியூஸோ டயோடோ எரிந்து அந்தப் பாதை அறுந்த பிறகும் கேபிளை எடுக்காமல் வைத்திருந்தால் மற்றவற்றுக்கு ஆபத்து. ஆகவே கஸ்டமரிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை நேரம் மாட்டியிருந்தது என்பது. பொறி பறந்ததும் எடுத்துவிட்டாரா, செல்ஃப் அடித்துப் பார்த்தாரா?

பழைய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதையும் தனியாக அள. அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரி தலைகீழாகவே சார்ஜ் ஏறியிருக்கலாம். சிவப்பு முனையைப் பிளஸ்ஸில் வைத்தால் மீட்டர் மைனஸ் காட்டும். அப்படியொரு பேட்டரியை யாராவது இன்னொரு வண்டியில் வைத்தால் இதே கதை அங்கேயும் நடக்கும். பக்கவாட்டில் உப்பியிருந்தால் தொடாதே, தனியே ஒதுக்கி வை.

இப்போது ஒரு பழைய தவறைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு வண்டியில் ஃபியூஸ் எல்லாவற்றையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். எல்லா இடத்திலும் 12.4. இசிஎம்தான் என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் கடன் வாங்கிப் புதுசு வாங்கினார். வண்டி அப்படியே நின்றது. மறுநாள் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி, இசிஎம் சாக்கெட்டின் சப்ளைப் பின்னில் வைத்தேன். பல்பின் இழை செம்மண் நிறத்தில் லேசாகச் சிவந்ததோடு சரி. ஃபியூஸ் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தால், போல்ட் போட்ட பெரிய ஃபியூஸின் காலடியில் பிளாஸ்டிக் உருகி, செம்பு கரியாகிக் கிடந்தது. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. கரியின் வழியாகக்கூட அது 12 காட்டும். பல்பு 1.75 ஆம்பியர் கேட்கும். கரியால் அதைக் கொடுக்க முடியாது. அன்றைக்கு அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் சப்ளை சரி என்று சொல்வதற்கு, லோடு கொடுக்காமல் எடுத்த வோல்டேஜை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நீயும் சேர்க்காதே.

ஸ்கேனர் பேசவில்லை என்கிறாய். ஸ்கேனருக்கு வண்டியிலிருந்து சப்ளை வந்ததா என்று எழுதவில்லை. ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 16-ஆம் பின் பேட்டரி சப்ளை, 4, 5 இரண்டும் எர்த். அந்த 16-க்குப் போகும் ஃபியூஸ் பல வண்டிகளில் சிகரெட் லைட்டரோடோ ரூம் லைட்டோடோ சேர்ந்திருக்கும். அது எரிந்திருந்தால் நல்ல இசிஎம்மும் ஊமையாகத்தான் தெரியும். சப்ளை சரியென்றால் பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவில் ஓம் பார். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன் உள்ள வண்டியில் 60 வர வேண்டும்.

வண்டி ஓடிய பிறகும் விட்டுவிடாதே. சார்ஜிங் 14 வோல்ட் காட்டுகிறது என்று சாவியைக் கொடுத்து அனுப்புகிறார்கள், ஒரு வாரத்தில் பேட்டரி மறுபடி இறங்கி வருகிறது. ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் பார். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் டயோடு போயிருக்கிறது. ஷார்ட்டான டயோடு என்றால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியிலும் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் சூடு தெரியலாம்.

உடனே செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்ஜின் ஓடாதபோது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் பெரிய போல்ட்டில் எத்தனை வோல்ட் என்று பார். பேட்டரி வோல்டேஜ் அங்கே வராவிட்டால் பெரிய ஃபியூஸ் எரிந்திருக்கிறது, அதை மாற்றாமல் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதே. இசிஎம் சாக்கெட்டைக் கழற்றி, சப்ளைப் பின்னிலும் எர்த் பின்னிலும் 21 வாட் பல்பு எப்படி எரிகிறது என்று பார். 16-ஆம் பின்னையும் அதே பல்பில் பார். மூன்றையும் எழுதி எனக்கு அனுப்பு. அது வரும் வரை அந்தக் கஸ்டமரிடம் இசிஎம் என்ற வார்த்தையை எடுக்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்