பாலம் இருந்தது, வழி இல்லை

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே நீளமானது. கோவிட்-19 நோய்ப்பரவலுக்கு முன்னர், இரு நாடுகளுக்கும் இடையிலான தரைவழி எல்லையை நாள்தோறும் 300,000க்கும் மேற்பட்டோர் கடந்து சென்றனர். அவர்களுள் பலர் ஜொகூரில் வசித்துச் சிங்கப்பூரில் வேலை செய்தவர்கள். விடியற்காலையில் புறப்பட்டு, வேலை முடிந்ததும் வீடு திரும்பிக் குடும்பத்தோடு இரவு உணவு உண்பது அவர்களின் வழக்கம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி, மலேசிய அரசாங்கம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தது. மார்ச் 18ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. இடையில் இருந்தது ஒரே நாள். வீட்டில் தங்கினால் சம்பளம் இல்லை. வேலைக்குச் சென்றால் வீடு திரும்ப முடியாது. பலர் சில உடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தனர். இரண்டு வாரங்களில் திரும்பிவிடலாம் என்று அவர்கள் நம்பினர். ஆனால், ஆணை மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி புதிய பயண ஏற்பாடு ஒன்று தொடங்கியது. நீண்டகால வேலை அனுமதி உள்ளவர்கள், வேலை செய்யும் நாட்டில் குறைந்தது மூன்று மாதங்கள் தங்கிய பிறகு, குறுகிய விடுப்பில் தாயகம் சென்று திரும்பலாம். முன்பு கடப்பிதழைக் காட்டிக் கடந்த எல்லைக்கு, இப்போது முன் அனுமதி, மருத்துவப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் ஆகிய அனைத்தும் தேவைப்பட்டன.

அனுமதி கிடைக்க ஏன் தாமதமானது? வருவோரைப் பரிசோதிக்கவும் தனிமைப்படுத்தவும் உள்ள வசதிக்கு ஏற்பவே அனுமதி வழங்க முடியும். நோய்த்தொற்று கூடினால் விதிகளும் மாறும். இந்தச் சிக்கல் நம் வட்டாரத்தில் மட்டும் ஏற்படவில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்கா உலகெங்கும் உள்ள தன் தூதரகங்களில் வழக்கமான விசா சேவைகளை நிறுத்தியது. நேர்காணல் நடக்காததால் விண்ணப்பங்கள் குவிந்தன. சேவை மீண்டும் தொடங்கியபோது, புதிய விண்ணப்பங்களுக்கு முன்னால் பழையவை காத்திருந்தன. அணைக்கட்டில் தேங்கிய நீரைப் போல, கதவைத் திறந்தவுடன் அவை வடிந்துவிடவில்லை.

காத்திருப்பு எல்லாருக்கும் ஒரே பாரமாக இருப்பதில்லை. ஒருவருக்கு அது தள்ளிப்போன விடுமுறை. மற்றொருவருக்கோ, நோயுற்ற தாயின் முகத்தைக் காண முடியாத தவிப்பு. இந்த வேறுபாட்டை உணர்ந்து, 2021ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி முதல், குடும்பத்தில் மரணமோ கடும் நோயோ ஏற்பட்டால் எல்லை கடக்க இரு நாடுகளும் சிறப்பு அனுமதி வழங்கின. வரிசையில் யாருக்கு முதலிடம் என்பதும் நீதி சார்ந்த கேள்விதான்.

2021 நவம்பர் 29ஆம் தேதி, தடுப்பூசி போட்டுக்கொண்டோருக்கான பேருந்துச் சேவை தொடங்கியது. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் நாளொன்றுக்கு 1,440 பேர் பயணம் செய்யலாம். இரு பக்கமும் சேர்த்தால் 2,880 பேர். முன்பு சென்றவர்களுள் நூற்றில் ஒருவருக்குக்கூட இடம் போதவில்லை. பயணச்சீட்டுகள் விரைவில் விற்றுத் தீர்ந்ததில் வியப்பில்லை.

இத்தகைய தாமதத்தை எப்படிச் சமாளிப்பது? கடப்பிதழும் வேலை அனுமதியும் எப்போது காலாவதியாகும் என்பதை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். விண்ணப்ப எண்ணையும் ஆவணங்களின் நகல்களையும் பாதுகாக்க வேண்டும். புலனத்தில் பரவும் செய்தியை நம்பாமல், குடிநுழைவுத் துறையின் அதிகாரத்துவ அறிவிப்பைப் பார்க்க வேண்டும். பணம் கொடுத்தால் உடனே அனுமதி வாங்கித் தருவதாகக் கூறும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவர்களைத்தான் ஏமாற்றுக்காரர்கள் தேடி வருவார்கள்.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. கைப்பேசிச் செயலிகளும் இணையப் படிவங்களும் முதியவர்கள் பலருக்குப் பழக்கமில்லாதவை. படிவத்தில் ஓர் எழுத்து தவறினாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம். தாத்தா பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, அவர்களின் பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே நிரப்பித் தருவது சிறிய வேலைதான். ஆனால், அது பல வாரக் காத்திருப்பைத் தவிர்க்கக்கூடும்.

2022 ஏப்ரல் 1ஆம் தேதி, தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களுக்குத் தனிமைப்படுத்தலின்றித் தரைவழி எல்லை திறந்தது. உயிர்களைக் காக்கவே எல்லை மூடப்பட்டது. அதே வேளையில், ஒவ்வொரு விண்ணப்ப எண்ணுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் காத்திருந்தது. படிவத்தை நிரப்புபவரும் அதைப் பரிசீலிப்பவரும் இதை நினைவில் கொண்டால், காத்திருப்பின் பாரம் சற்றே குறையும்.