மழை வந்தாச்சு, சுகர் செக்கப்பைத் தள்ளிப்போடாதீங்க

ஜூன் மழை பிடித்ததும் பெங்களூரு பிரேசர் டவுன் கிளினிக்குகளில் காய்ச்சல்காரர்கள் கூட்டம் சேரும். அதைப் பார்த்து, சுகரும் பிரஷரும் உள்ள பெரியவர்கள் "கூட்டம் குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வீடு திரும்பிவிடுகிறார்கள். 2020 ஊரடங்கில் நடந்ததும் இதுதான். விக்டோரியா மருத்துவமனை கோவிட்டுக்கென்று ஒதுக்கப்பட்டது. மற்ற இடங்களுக்குப் போகவும் பயம். நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் அந்த மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவானவர்கள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைவு. நோய் ஒன்றும் லீவு எடுக்கவில்லை. 1898 பிளேக்குக்குப் பிறகு, நெரிசலுக்கு மாற்றாக 1910இல் எழுந்த பேட்டை நம்முடையது. தொற்றுக்குப் பயப்படுவது நமக்குப் புதிதில்லை. அந்தப் பயத்தில் பழைய நோயை மறப்பதுதான் ஆபத்து.

ஹெச்பிஏ1சி சுகர் டெஸ்ட் எடுத்து ஆறு மாதம் தாண்டியிருந்தால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். காலையில் லேப் திறந்ததும் போனால் கூட்டமிராது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கண் விழித்திரை மூன்றும் வருஷத்துக்கு ஒருமுறை. பலரும் விட்டுவிடுவது விழித்திரையைத்தான். பார்வை மங்கும்வரை அதில் கோளாறு இருப்பதே தெரியாது.

மழையில் முக்கியம் கால். மாஸ்க் (மசூதி) ரோட்டில் தேங்கிய தண்ணீரை மிதித்து வந்தால் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள். ராத்திரி ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். மரத்துப்போன காலில் செருப்பு கடித்த புண்கூட உறைக்காது. சிவப்போ, கொப்புளமோ, நீரோ தெரிந்தால் மஞ்சள் பற்றுப் போட்டு நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை ஒரு மாதத்துக்குக் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும். சீட்டைப் படமெடுத்துப் பிள்ளைகள் போனிலும் வையுங்கள். இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கலாம், ஃபிரீஸரில் கூடாது. காய்ச்சலில் சாப்பாடு இறங்காவிட்டாலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை டாக்டரிடம் போனில் கேளுங்கள். டெங்கு சீசன் இது: பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வழக்கமான மாத்திரையைத் தொடர அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியிலும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். நெஞ்சுவலி, வாய் கோணுவது, ஒரு பக்கம் கைகால் விழுவது என்றால் மட்டும் போனில் யோசனை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. 108ஐக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதையும் சொல்லுங்கள்.