ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு அறை தேடும்போது

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால், நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்கு அங்கே போகிறார்கள். விசாவுக்காக ஓராண்டுச் செலவுத் தொகை 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள நிலை. அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுக்கலாம். அந்தப் பணத்தில் பெரும் பங்கை விழுங்குவது வாடகைதான். தனி வீடு கட்டுப்படியாகாது. மாணவர் விடுதிக்கு, சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மனுப் போடுங்கள். மியூனிக் போன்ற ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். அதனால் பலரும் போய்ச் சேருவது கூட்டு வீட்டில்.

அங்கே இதை ‘வே-கே’ என்பார்கள். மூன்று நான்கு பேர், ஆளுக்கு ஓர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது. துபாய் பெட் ஸ்பேஸில் இருந்து வந்த வாப்பாமார்கள் இதையும் அப்படியே நினைத்துவிடக் கூடாது. துபாயில் கட்டில் காலியாக இருந்தால் பணம் கொடுத்துப் போய்ப் படுக்கலாம். இங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் புதியவரை அழைத்துப் பேசிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவர் ஜெர்மானியர், ஒருவர் துருக்கியர், ஒருவர் பிரேசில்காரர் என்று இருக்கலாம். ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் இருப்பது சாதாரணம். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளும் உண்டு. விளம்பரத்திலேயே அப்படிப் போட்டிருப்பார்கள். மகளை அனுப்புகிறவர்கள் அதைப் பார்த்தே விண்ணப்பிக்கலாம்.

அந்தச் சந்திப்பில் நம் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிடுகிறார்கள். அறை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். ‘நான் மது அருந்த மாட்டேன், பன்றி இறைச்சி சமைத்த பாத்திரத்தைப் பயன்படுத்த மாட்டேன், எனக்கென்று தனியாகச் சட்டியும் வாணலியும் வைத்துக்கொள்வேன், அறையில் தொழுவேன்’ என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டு தனக்கென்று கேட்கலாம். வாரக் கடைசியில் விருந்து நடக்குமா என்றும் விசாரிக்கலாம். இதைக் கேட்டு வேறு ஆளைத் தேர்ந்தெடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும். மறைத்துப் புகுந்த வீட்டில் தினமும் முகம் சுளித்துக்கொண்டு இரண்டு வருடம் படிக்க முடியாது.

இனி பணம். குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் எல்லோரும் அறைக்கு அலைவார்கள், ஏமாற்றுக்காரர்களுக்கும் அதுதான் சீசன். அழகான படம், நம்ப முடியாத குறைந்த வாடகை, ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று ஒரு கடிதம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பதில்கூடப் போட வேண்டாம். வீட்டை நேரில் பார்க்காமல், அல்லது நம்பிக்கையான ஒருவர் போய்ப் பார்த்துச் சொல்லாமல், ஊரில் இருந்து ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் ஹாஸ்டலில் தங்கி அங்கிருந்து தேடுவது செலவுதான். ஆனால் மூன்று மாத வாடகையைத் தொலைப்பதைவிடக் குறைவு.

முன்பணத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. தண்ணீர், சூடாக்கும் செலவு போன்றவை சேராத அடிப்படை வாடகையில் மூன்று மடங்குக்கு மேல் கேட்க முடியாது. அடிப்படை வாடகை 350 யூரோ என்றால் அதிகபட்சம் 1,050. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு இருக்கிறது.

ஒப்பந்தம் யார் பெயரில் என்பதை அவசியம் பாருங்கள். ஒருவர் மட்டும் முதன்மை வாடகைதாரராக இருந்து அறையை உள்வாடகைக்கு விட்டால், வீட்டுக்காரரின் அனுமதி அவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவரோடு நம் பிள்ளையும் வெளியேற நேரிடும். எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்றால் வேறு சிக்கல்: ஒருவர் வாடகை கட்டாவிட்டால் முழுத் தொகையையும் மற்றவர்களிடம் வீட்டுக்காரர் கேட்கலாம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். ‘நல்ல பையன், வாய்ப்பேச்சே போதும்’ என்று இருந்துவிடக் கூடாது.

குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு தேவை. ‘அறை தருகிறேன், ஆனால் பதிவு செய்ய முடியாது’ என்று சொல்பவரிடம் போகவே வேண்டாம். பகுதிநேர வேலைக்கான வரி எண், விசா நீட்டிப்பு எல்லாம் அந்தப் பதிவில் இருந்துதான் நகரும். கடிதப் பெட்டியில் பிள்ளையின் பெயரும் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் தபால் திரும்பிப் போய்விடும். வானொலி, தொலைக்காட்சிக்கான கட்டாயக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று. நால்வரும் பகிர்ந்துகொள்ளலாம்.

கூட இருப்பவர்களோடு சண்டை வருவது பெரும்பாலும் சமையலறையிலும் குளியலறையிலும்தான். கருவாடு பொரித்தால் வாசம் மூன்று நாள் நிற்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடியே வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அதற்கு வீட்டுக்காரர் பணம் கேட்பார். ஒளு செய்வதிலும் கவனம் வேண்டும். அங்கே குளியலறைத் தரையில் பெரும்பாலும் நீர் போகும் துவாரம் இருக்காது. தரையில் கொட்டிய தண்ணீர் கீழ் வீட்டு மேற்கூரைக்கு இறங்கும். கால் கழுவுவதைக் குளிக்கும் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு, ஒரு துணியால் தரையைத் துடைத்துவிட்டு வர வேண்டும். ஜூனில் சூரியன் மறையவே ஒன்பது மணி தாண்டிவிடும் என்பதால் இஷாவும் ஃபஜ்ரும் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில்தான் வரும். வழக்கமாக இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். குழாயை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். பிறர் பொருளுக்கு நாம் செய்யும் சேதத்தை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு ஒன்றை, போன முதல் மாதத்திலேயே எடுத்துவிடுவது நல்லது.

காலவரம்பு இல்லாத ஒப்பந்தமாக இருந்தால், காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பை எழுத்தில் கொடுக்க வேண்டும். முன்பணம் உடனே கைக்கு வராது. செலவுக் கணக்கு முடிய சில மாதம் ஆகலாம். அதனால் குடிபுகும் நாளிலேயே சுவர்க் கீறல், தரைக் கறை, மீட்டர் எண், சாவிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, படமும் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை ஊருக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.