வெப்சைட்டில் படம் ஏறவில்லையா?

திருப்பதி லாட்ஜின் ரூம் படமோ, சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையின் விலைப்பட்டியலோ, ஏற்றும்போது ‘பர்மிஷன் டினைடு’ என்று வந்தால்:

• ‘எல்எஸ் -எல்’ கொடுத்து, ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ரூட் பெயரில் இருந்தால் பிஎச்பி பெரும்பாலும் எழுத முடியாது.

• உபுண்டுவில் அப்பாச்சி வழக்கமாக ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற யூசராக ஓடும், அல்மாலினக்ஸில் ‘அப்பாச்சி’. படம் சேரும் ஃபோல்டரை மட்டும் ‘சௌன்’ கட்டளையால் அந்த யூசருக்கு மாற்றுங்கள்.

• ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 பர்மிஷன் போதும். பாஸ்வேர்டு உள்ள கான்ஃபிக் ஃபைலுக்கு 640. அதன் குரூப் வெப் சர்வருடையதாக இருக்கட்டும்.

• அவசரத்துக்குக்கூட 777 வேண்டாம். சர்வரில் உள்ள எந்த யூசரும் எழுதிவிடலாம்.

• கிரான் வேலையை ரூட்டில் ஓட்டினால், அது உருவாக்கும் ஃபைலும் ரூட்டுக்கே சொந்தமாகும்.

• எல்லாம் சரியாக இருந்தும் அல்மாலினக்ஸ் மறுத்தால், எஸ்இலினக்ஸ் லேபிளைச் சோதியுங்கள்.