பள்ளிக்கூடக் காட்சிசாலையும் பழம்பொருள்களைப் பாதுகாக்கும் முறையும்

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையிலுள்ள எப்போதும்வென்றான் முதலிய கரிசற்காட்டுக் கிராமங்களில் வீட்டுப் பரண்களையும் தொழுவங்களையும் சோதித்தால், பனையோலைக் கணக்குகள், மரக்கால், படி, உழக்கு, செப்புப் பாத்திரம், கமலைச் சால் போன்ற பழம்பொருள்கள் அகப்படக்கூடும். 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பயனாய் மெட்ரிக் அளவைகள் வழக்கத்திற்கு வந்தன. ஆகவே மரக்காலைக் கண்டறியாத பிள்ளைகள் பலர். அப்பொருள்கள் பழைய இரும்புக்கடைக்குப் போகுமுன் பள்ளிக்கூடத்து அறையொன்றில் சேர்ப்பது நலம். அதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. ஒழுங்கான முறையே வேண்டும்.

பதிவேடே முதற் காரியம்

பேரேட்டில் ஏறாத தொகை சங்கத்திற்குரியது என்று நிரூபிக்க இயலாது. அவ்வாறே கிடைத்த இடம் தெரியாத பழம்பொருளும் சரித்திரத்திற்குச் சாட்சி கூறாது. இதே ஜில்லாவில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் இதற்குத் தக்க உதாரணம். 1876-ஆம் வருஷம் ஜெர்மனி தேசத்து யாகோர் என்பவர் அங்கே தோண்டியெடுத்த பொருள்கள் பெர்லின் நகரத்திற்குச் சென்றுவிட்டன. பின்னர் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் அகழ்ந்து, முதுமக்கள் தாழிகளையும் வெண்கலப் பாத்திரங்களையும் இரும்பு ஆயுதங்களையும் பொன்னாலாகிய நெற்றிப் பட்டங்களையும் கண்டெடுத்தார். அவற்றிற்கு அவர் தயாரித்த அட்டவணை 1915-இல் வெளியாயிற்று. ஆராய்ச்சியாளர் இன்றும் அதனைப் புரட்டிப் பார்க்கின்றனர்.

ஆகையால் ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண், பெயர், கிடைத்த இடம், தேதி, கொடுத்தவர், அளவு, தற்கால நிலைமை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டும். பொருளின் அடிப்பாகத்திலும் அதே எண்ணைச் சிறிதாகக் குறிக்கவேண்டும்.

துலக்கலாகாது

வீட்டுச் செம்பைப் புளியிட்டுத் துலக்குவது வழக்கம். பழம்பொருளுக்கோ அது பெருங்கேடு. புளியிலுள்ள அமிலம் மேற்பரப்பை அரித்துவிடும். செங்கற்பொடி எழுத்தையும் சித்திரத்தையும் தேய்த்துவிடும். பழைய செம்பின்மேல் கெட்டியாய்ப் படிந்த கரும்பச்சைப் படலம் பெரும்பாலும் அதற்குக் கவசமாகவே நிற்கிறது. ஆனால் வெளிறிய பச்சைப் பொடி புள்ளி புள்ளியாய் உதிருமாயின் அது நோய்க்குறி. உப்புச்சத்தும் ஈரமும் கூடி உலோகத்தை உள்ளிருந்து தின்பதால் அது உண்டாகிறது. அத்தகைய பொருளைத் தனியே, ஈரமற்ற மூடிய பெட்டியில் வைத்து, அறிந்தவர்களிடம் காட்டவேண்டும். சென்னை எழும்பூரிலுள்ள அரசாங்கக் காட்சிசாலையில் 1930-இல் இதற்கென்றே ஒரு ரசாயனசாலை ஏற்பட்டது. அதன் பொறுப்பை ஏற்ற எஸ். பரமசிவன் மின்சார முறையால் வெண்கலங்களைச் செப்பனிட்டார். அது நிபுணர் செய்யும் வேலை. பள்ளிக்கூடத்தில் செய்து பார்க்கத்தக்கதன்று.

மண்பாண்டமும் இரும்பும்

நிலத்தினின்று எடுத்த மண்பாண்டத்தை வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாய் உலர்த்தவேண்டும். உள்ளிருக்கும் மண்ணைக் கழுவிக் கொட்டலாகாது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலிருந்த பாண்டங்களில் நெல், தினை ஆகியவற்றின் உமியை ரீ கண்டார். கழுவியிருந்தால் அச்செய்தி நீரோடு போயிருக்கும். உடைந்த ஓடுகளை ஒட்டுவதானால், தேவைப்படும்போது கரைத்துப் பிரிக்கக்கூடிய பசையையே உபயோகிக்கவேண்டும். குறைந்த பாகத்தைப் புதிதாய்ச் செய்து சேர்த்துப் பழையது என்று காட்டுவது, இல்லாத கையிருப்பைக் கணக்கில் காட்டுவதற்கு ஒப்பாகும்.

இரும்பிற்கு ஈரமே சத்துரு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அதனைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்கலாகாது. இறுக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் ஸிலிகா ஜெல்லுடன் வைத்து, அதனை அவ்வப்போது மாற்றிவரவேண்டும்.

ஓலையும் காகிதமும்

காய்ந்து ஒட்டிய ஓலைகளைப் பலவந்தமாய்ப் பிரிக்கலாகாது. அது பழகியவர் செய்யும் வேலை. பிரிந்த ஓலைகளில் மெல்லிய தூரிகையால் தூசியைத் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெயை இலேசாய்த் தடவினால் ஓலை துவளும், பூச்சியும் அணுகாது. பின்பு இரு மரச்சட்டங்களுக்கிடையே வைத்துத் துணியில் சுற்றிவைக்கவேண்டும். சங்கங்களின் பழைய தீர்மானப் புத்தகங்களும் இவ்வகையில் சேர்ந்தவையே. சென்னை ராஜதானியில் முதற் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் திரூரில் தொடங்கியது. அக்காலமுதல் ஊர் பட்ட கடனும் கட்டிய தவணையும் அத்தகைய ஏடுகளிலேயே இருக்கின்றன. அவற்றைச் செல்லரிக்க விடுவது ஊரின் கதையை அழிப்பதாகும்.

சட்டமும் சங்கத்தின் கடமையும்

பூமியில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் ஜில்லா கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். நூறு வருஷத்திற்கு மேற்பட்ட சிலை முதலிய சிலவகைத் தொல்பொருள்களைப் பதிவு செய்யவேண்டும் என்பது 1972-ஆம் வருஷத்துச் சட்டம். ஆகவே அத்தகையவை அகப்பட்டால் முதலில் அதிகாரிகளிடம் அறிவித்து, அவர்கள் உத்தரவின்படி நடப்பதே பள்ளிக்கூடத்திற்குப் பாதுகாப்பு.

பூட்டும் கண்ணாடியுமுள்ள ஓர் அலமாரி, ஒரு பதிவேடு, சில பெட்டிகள்: தொடக்கத்திற்கு இவை போதும். துணைவிதிகள் அனுமதிக்குமாயின், பொதுநன்மை நிதியிலிருந்து இவற்றை வாங்கித் தருமாறு அங்கத்தினர் மகாசபையில் தீர்மானிக்கலாம். வருஷந்தோறும் கணக்குத் தணிக்கையைப்போலவே, ஆசிரியரும் சங்கத்தார் இருவரும் கூடிப் பொருள்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடவேண்டும். ஆசிரியர் மாறுவார், மாணவர் படித்து வெளியேறுவர், நிலைத்து நிற்கும் சங்கம் துணையிருந்தால் சேர்த்த பொருள் சிதறாது.