கல்லீரலில் ஒரு கட்டி: குமிழி ஊசி ஸ்கேன் எதற்கு?

கேள்வி: விவசாயம் செய்யும் என் தகப்பனாருக்கு வயது 62. நெடுநாளாகச் சர்க்கரை வியாதி, கிரியாட்டினினும் கூடியிருக்கிறது. பெரம்பலூரில் எடுத்த வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் 2 செ.மீ. அளவுக்கு ஒரு கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். டை ஊசி போட்டு சி.டி. எடுத்தால் கிட்னி கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறோம். குமிழி ஊசி போட்டு ஸ்கேன் செய்யும் முறை இருக்கிறதாமே, அதை நம்பலாமா?
– ஒரு வாசகர், வேப்பந்தட்டை

பதில்: தங்கள் பயம் நியாயமானதே. கேளா ஒலியை உள்ளே செலுத்தி, அதன் எதிரொலியைக் கொண்டு உறுப்பின் வடிவத்தைத் தீட்டிக் காட்டும் சாதாரண ஸ்கேன், கட்டி இருக்குமிடத்தையும் அளவையும் சொல்லுமேயன்றி, அதன் சுபாவத்தைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஏரியின் கரையையும் மதகையும் வரைபடத்தில் பார்ப்பது ஒன்று. மதகைத் திறந்துவிட்டு, தண்ணீர் எந்த வயலில் முதலில் பாய்கிறது, எதில் தங்குகிறது, எதிலிருந்து சீக்கிரம் வடிகிறது என்று வரப்பில் நின்று பார்ப்பது மற்றொன்று. குமிழி ஊசி செய்வது இந்த இரண்டாவது காரியம்.

சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு போன்ற, உடலோடு வினைபுரியாத வாயுவை மெல்லிய கொழுப்புப் படலத்துக்குள் அடைத்த நுண்குமிழிகளே இந்த மருந்து. சராசரியாக 2.5 மைக்ரான் குறுக்களவே உள்ளவையாதலால், சிவப்பணு நுழையும் வழியிலெல்லாம் இவையும் நுழைந்து, ரத்தம் போகுமிடத்தை எதிரொலியால் பளிச்சென்று காட்டுகின்றன. இருதயப் பரிசோதனைக்காக வேறொரு திரவத்தைச் செலுத்தியபோது எதிரொலி திடீரென்று வலுப்பட்டதை அமெரிக்காவில் கிராமியாக், ஷா என்னும் இருவர் 1968-இல் எடுத்துரைத்ததே இம்முறைக்கு வித்து. இன்று பெரிதும் வழங்கும் மருந்துக்கு ஐரோப்பாவில் 2001-இலும், கல்லீரல் கட்டிகளை ஆராய்வதற்கென்று அமெரிக்காவில் 2016-இலும் அனுமதி கிடைத்தது.

கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது: ஏறக்குறைய கால்பங்கு தமனி வழியாகவும், முக்கால்பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும். கைச் சிரையில் ஊசி போட்ட 10 முதல் 20 விநாடிக்குள் குமிழிகள் தமனி வழியாகவும், அரை நிமிஷத்துக்குச் சற்றுப் பின் போர்ட்டல் வழியாகவும் வந்து சேரும். நாலைந்து நிமிஷம் வரை நிபுணர் கடிகாரத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். கல்லீரலிலேயே தோன்றும் புற்று பெரும்பாலும் தமனி ரத்தத்தையே உண்டு வளர்வதால் முதலில் பிரகாசித்து, ஒரு நிமிஷம் கழிந்தபின் மெள்ள மங்கும். பிற உறுப்பிலிருந்து பரவி வந்த புற்றோ ஒரு நிமிஷத்துக்குள்ளேயே வெகுவாக மங்கிவிடும். ஹெமாஞ்சியோமா என்னும் தீங்கற்ற ரத்தநாளக் கட்டி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நிதானமாக நிரம்பும். சீழ்க்கட்டியின் நடுவே குமிழி நுழைவதேயில்லை. கொழுப்பு ஓரிடத்தில் மட்டும் தங்கியதாலோ தங்காததாலோ கட்டிபோல் தோன்றும் பகுதி, சுற்றியுள்ள ஈரலைப் போலவே நிறைந்து, வீண் பீதியை நீக்கிவிடும்.

வாயு மூச்சு வழியாகவே வெளியேறுவதால் கிட்னிக்குச் சுமையில்லை. அயோடினும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. கடுமையான ஒவ்வாமை ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு நேரக்கூடுமாதலால், அவசரச் சிகிச்சைக்கு வசதியுள்ள இடத்திலேயே செய்துகொள்ள வேண்டும்; அண்மையில் மாரடைப்பு வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் இம்முறை, ஏற்கெனவே கண்ட ஒரு கட்டியைப் பற்றிய கேள்விக்குத்தான் நன்றாக விடை சொல்லும். ஈரல் முழுவதையும் துழாவவோ, நோய் எவ்வளவு பரவியிருக்கிறதென்று அளக்கவோ சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யுமே வேண்டும். கட்டி மிக ஆழத்திலிருந்தாலும், ஈரலில் கொழுப்பு மிகுந்திருந்தாலும் படம் தெளியாது. சாதாரண ஸ்கேன் செய்யும் எல்லா நிலையங்களிலும் இது கிடைக்காது. கருவியில் அதற்கென்ற வசதியும், பார்ப்பவரிடம் பயிற்சியும் இருக்க வேண்டும். ஆகவே ஜீரண உறுப்பு நிபுணரிடம் பழைய ஸ்கேன் படங்களையும், கிரியாட்டினின், ஹெபடைடிஸ் பி, சி, ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் பரிசோதனை முடிவுகளையும் காட்டி, இது தகுமா என்று கேளுங்கள். சி.டி. அவசியமென்று அவர் தீர்மானித்தால், கிட்னி எந்த அளவில் இயங்குகிறதென்று கணக்கிட்டுச் செய்வார்; பயத்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. வயிற்றுவலியும் எடை குறைவும் உண்டு. குரோன் நோயாகவோ குடல் காசமாகவோ இருக்கலாம் என்கிறார்கள். கொலனோஸ்கோப்பிக்கு அஞ்சுகிறான். குமிழி ஊசியால் தீர்மானிக்க முடியாதா?
– ஒரு வாசகி, ஜெயங்கொண்டம்

பதில்: முடியாதம்மா. குடல் சுவரில் ரத்தவோட்டம் மிகுந்து அழற்சி இருக்கிறதா, அருகே கெட்டியாக இருப்பது சீழா வெறும் வீக்கமா என்பவற்றை இம்முறை காட்டும். சிகிச்சை தொடங்கியபின் அழற்சி தணிகிறதா என்று பார்க்கவும் உதவும். ஆனால் சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்குமிடத்தையே இரண்டு வியாதிகளும் பெரும்பாலும் பற்றுவதாலும், இரண்டிலும் சுவர் தடித்து ரத்தவோட்டம் கூடுவதாலும், படம் மட்டும் அவற்றைப் பிரித்துச் சொல்ல வல்லதன்று. கொலனோஸ்கோப்பியில் சிறு சதைத் துணுக்கை எடுத்து, நுண்ணோக்கியிலும் காசக் கிருமிப் பரிசோதனையிலும் பார்ப்பதே வழி. பெரும்பாலான இடங்களில் மயக்க மருந்து கொடுத்தே செய்வதால் அவன் அஞ்சுமளவுக்கு வேதனை இராது. காசமென்று உறுதிப்பட்டால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை. காசத்தைக் குரோன் நோயென்று எண்ணி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால், கிருமி உடலெங்கும் பரவ இடமுண்டு. ஆதலால் தம்பியைச் சம்மதிக்கச் செய்யுங்கள்.